தரகர் நைனியப்ப பிள்ளை
புதுவையில் நடந்த ஓர் அநியாயத் தீர்ப்பின் சரித்திரம்



தபசு காலத்தில் சிலுவைப்பாதை செய்யும்போது முதல் ஸ்தலத்தில் முழங்காலிட்டு, குற்றமற்றவர் ஒருவர் தீர்ப்பிடப்பட்டதைத் தியானிக்கிறோம். உலகம் கண்ட அநியாயத் தீர்ப்புகளில் அதற்கு மேலானது வேறில்லை. ஆயினும் அதில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சிலுவையின்மேல் அறைந்த பலகையில், இவர் எதற்காக இந்தத் தண்டனை அடைகிறார் என்பது எபிரேயம், கிரேக்கம், இலத்தீன் ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருந்தது. வழியே போகிறவன் எந்த மொழிக்காரனாயினும் நின்று வாசித்து அறியலாம்.

நம்முடைய புதுச்சேரிப் பட்டணத்தில், முந்நூறு ஆண்டுகளுக்கு முன், அந்த அளவு சலுகைகூடப் பெறாத ஒரு மனிதர் இருந்தார். அவர்மேல் சாட்டிய குற்றமும், சாட்சிகளின் வாக்குமூலமும், முடிவான தீர்ப்பும் அவர் அறியாத பிரெஞ்சு மொழியிலேயே எழுதப்பட்டன. அவர் பிச்சைக்காரரோ திருடரோ அல்லர். ஊரில் அவரைவிடப் பெரிய தமிழர் இல்லை என்னும்படி வாழ்ந்தவர். அவர்தான் பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் தரகர் நைனியப்ப பிள்ளை. அவருடைய சரித்திரத்தை இவ்வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறோம். அவர் நம் வேதத்தைச் சேர்ந்தவரல்லர். ஆனால் அவருடைய துன்பத்தில் நம்மவர்களுக்கும் பங்கு இருந்தது. ஆகவே அதை நாம் அறிந்திருப்பது அவசியம்.

கும்பெனியின் வலக்கை

நைனியப்ப பிள்ளை சென்னைப் பக்கத்திலிருந்து இளமையிலேயே புதுச்சேரிக்கு வந்தவர். பிரான்சுவா மர்த்தேன் என்பவர் சிறு கிராமமாயிருந்த இவ்வூரைப் பட்டணமாக்கிக்கொண்டிருந்த காலம் அது. பிரெஞ்சுக்காரர் கப்பலில் வெள்ளி கொண்டுவருவார்கள். திரும்பும்போது துணி கொண்டுபோவார்கள். ஆனால் அந்தத் துணி தானாகக் கிடங்குக்கு வந்து சேருமா? உள்நாட்டு வியாபாரிகளோடு விலை பேசவேண்டும். நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, சரக்கு உரிய காலத்தில் வந்து சேரும்படி பார்க்கவேண்டும். சுற்றுப்புற அரசர்களுக்கும் நவாபுகளின் அதிகாரிகளுக்கும் மரியாதை அனுப்பி, வழியில் தடை வராதபடி செய்யவேண்டும். இத்தனைக்கும் பாஷை தெரிந்த, சொல்லுக்கு மதிப்புள்ள, ஜாதி வழக்கம் அறிந்த ஒருவர் தேவை. அவரையே தரகர் என்றும் துபாஷி என்றும் சொன்னார்கள்.

1708-ஆம் ஆண்டில் இந்தப் பதவியின் தலைமை நைனியப்ப பிள்ளைக்குக் கிடைத்தது. அப்போது கவர்னராயிருந்தவர் கியோம் அந்திரே எபேர் என்பவர். இவ்விருவருக்குமிடையே ஆரம்பத்தில் நல்ல இணக்கம் இருந்தது. பிள்ளை கும்பெனிக்கும் பொருள் சேர்த்துக் கொடுத்தார். தாமும் பெரும் பொருள் சேர்த்தார். ஊரிலுள்ள தமிழருக்கு அவரே தலைவர். வழக்கு என்றாலும் வரி என்றாலும் அவர் வாசலுக்குத்தான் ஜனங்கள் போவார்கள். அதிகாரம் மிகுந்த இடத்தில் மனத்தாங்கலும் மிகும் அல்லவா? அவரிடம் கடன்பட்டவர்களும், அவரால் இலாபம் இழந்தவர்களும் அவரை நேசித்திருக்கமாட்டார்கள். அவரை ஒரு புண்ணியவாளராக்கி உங்கள் முன் நிறுத்துவது நம் நோக்கமல்ல. குற்றமுள்ளவனாயினும் இல்லாதவனாயினும் ஒரு மனிதன் நீதிஸ்தலத்தில் எப்படி நடத்தப்படவேண்டும் என்பதே நம் விஷயம்.

பகை முளைத்த விதம்

அக்காலத்தில் புதுச்சேரியில் மூன்று வகைக் குருக்கள் இருந்தார்கள். ஐரோப்பியருக்கு ஞானக் காரியங்களைக் கவனித்தவர்கள் கப்புச்சின் குருக்கள். தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே உழைத்தவர்கள் சேசுசபைக் குருக்கள். மூன்றாவதாக, பாரீஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த குருக்களும் இங்கே தங்கியிருந்தார்கள். நம் ஊரார் இன்றும் சம்பா கோவில், கப்ஸ் கோவில் என்று சொல்லும் பெயர்களில் அந்தப் பழங்காலம் தங்கியிருக்கிறது.

கும்பெனியில் தமிழருக்குரிய இந்த உயர்ந்த பதவி ஒரு கிறிஸ்தவர் கையில் இருக்கவேண்டும் என்பது சேசுசபையாரின் எண்ணம். அப்படியிருந்தால் பலர் வேதத்தில் சேருவார்கள் என்று அவர்கள் நம்பினார்கள். நைனியப்ப பிள்ளையோ தம் முன்னோரின் மதத்தில் உறுதியாயிருந்தார். அவர் ஏழைக் கிறிஸ்தவர்களுக்கு அன்னமளித்து ஜெபமாலைகளையும் பங்கிட்டார் என்பதுகூட அவர்மேல் ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. பசித்தவனுக்குச் சோறு போட்டதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்பீர்கள். கிறிஸ்தவ ஏழைகள் கிறிஸ்தவரல்லாத ஒருவரை எஜமானராகப் பார்ப்பது அவர்களுக்குப் பிடிக்கவில்லை. காரணம் அவ்வளவே.

1713-ல் எபேர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 1715-ல் மறுபடியும் அதிகாரத்தோடு வந்தார். சேசுசபையாரின் ஆதரவைப் பெறுவதற்காகவே அவர் தம் பழைய தரகரைக் கைவிட்டார் என்று பிள்ளையின் தரப்பார் பிற்பாடு முறையிட்டார்கள். அதே 1715-ல் வேறொரு கலவரமும் நிகழ்ந்தது. இந்துக்களின் வழிபாட்டைக் கட்டுப்படுத்த முயன்றபோது, தொழிலாளரும் வியாபாரிகளும் ஊரைவிட்டே புறப்படத் துணிந்தார்கள். நெசவாளரும் கூலிக்காரரும் போய்விட்டால் கும்பெனிக்கு என்ன மிஞ்சும்? அதிகாரிகள் இறங்கிவந்தார்கள். ஆனால் ஜனங்களை ஏவிவிட்டவர் நைனியப்ப பிள்ளைதான் என்ற எண்ணம் அவர்கள் மனத்தில் தங்கிவிட்டது.

விசாரணை நடந்த விதம்

1716 பிப்ரவரியில் நைனியப்ப பிள்ளை கைது செய்யப்பட்டுக் கோட்டையில் அடைக்கப்பட்டார். கொடுங்கோன்மை, இராஜத்துரோகக் கலகம் என்ற இரண்டும் அவர்மேல் சாட்டிய குற்றங்கள். அவருடைய மைத்துனர் திருவேங்கடம் பிள்ளையும், ராமநாதன் என்ற துணைவரும் அவரோடு பிடிபட்டார்கள்.

இப்போது அக்காலத்து நீதிமுறையைச் சற்றுக் கவனியுங்கள். தமிழருடைய சொத்துவழக்குகளுக்குச் சாவடி என்றொரு நீதிஸ்தலம் இருந்தது. அங்கே நாட்டு வழக்கப்படி தீர்ப்புச் சொல்லப்படும். ஆனால் இத்தகைய பெருங்குற்றங்களை விசாரிப்பது கும்பெனியின் உயர்ந்த ஆலோசனை சபை. அதற்குத் தலைவர் கவர்னர். அங்கத்தினர் கும்பெனி உத்தியோகஸ்தர். காலையில் துணிக்கு விலை பேசியவர்களே மாலையில் நீதிபதிகளாய் உட்காருவார்கள். பிடித்து அடைத்தவரும் எபேர், தீர்ப்பிட்டவரும் எபேர். வாதி, நீதிபதி இரண்டும் ஒருவரேயானால் பிரதிவாதியின் கதி என்னவாகும்?

பிள்ளைக்கு வக்கீல் வைத்துக்கொள்ள இடங்கொடுக்கவில்லை. அவருக்கு விரோதமாய்ச் சாட்சி சொன்னவர்களை எதிரே நிறுத்தி விசாரிக்கவும் வழியில்லை. கரையோரப் பட்டணங்களில் ஐரோப்பியரும் தமிழரும் பேசிக்கொள்ள உதவியது போர்த்துக்கேய மொழி. பிள்ளைக்கு அது தெரியும், பிரெஞ்சு தெரியாது. அவரிடம் போர்த்துக்கேய மொழியில் கேள்வி கேட்டார்கள். பதிலைப் பிரெஞ்சில் எழுதிக்கொண்டார்கள். தாம் சொன்னதுதான் ஏட்டில் ஏறியதா என்று அவர் எப்படி அறிவார்?

சாட்சிகளின் நிலை இன்னும் மோசம். அவர்கள் தமிழில் பேசினார்கள். மொழிபெயர்த்தவர் மனுவேல் என்ற கிறிஸ்தவ வாலிபர். அவர் சேசுசபையாரிடம் தலைமை உபதேசியாராயிருந்தவரின் மகன். பிரான்சு தேசம் போய்வந்தவர். சாட்சிகளின் வாக்குமூலம் பிரெஞ்சில் எழுதப்பட்டு அவர்கள் முன் வைக்கப்பட்டது. அவர்கள் கையெழுத்திட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து அவர்களை மறுபடி விசாரித்தபோது, அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது என்றே தங்களுக்குத் தெரியாது என்று பலர் சொன்னார்கள்.

வாசகர்களே, ஒரு நிமிஷம் இதை நினைத்துப் பாருங்கள். பொய்ச்சாட்சி சொல்வது பாவம் என்று சிறு பிள்ளைகளுக்கும் ஞானோபதேசத்தில் கற்பிக்கிறோம். ஆனால் இங்கே சாட்சி பொய் சொன்னானா, மெய் சொன்னானா என்பதையே அறிய முடியாமற் போயிற்று. அவன் வாயிலிருந்து புறப்பட்டது ஒன்று. ஏட்டில் விழுந்தது வேறொன்றாய் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே நின்றது ஒரே ஒரு மனிதனுடைய நாக்கு. அந்த நாக்கு எந்தப் பக்கம் சாய்ந்ததோ, அந்தப் பக்கம் நீதியும் சாய்ந்தது.

கடைத்தெருவில்

1716 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தது. கடைத்தெருவில் எல்லார் முன்னிலையிலும் ஐம்பது சவுக்கடி. மூன்று வருஷம் சிறை. சொத்து முழுவதும் பறிமுதல். அதற்கு மேல் 8,888 வராகன் அபராதம். சிறைவாசம் தீர்ந்தபின் பிரெஞ்சு எல்லையை விட்டே வெளியேறவேண்டும். பிள்ளைகளுக்கும் ஊரில் இடமில்லை.

எத்தனையோ பேருக்கு முன்பணம் கொடுத்த மனிதர். ஜனங்கள் பார்த்தவுடன் எழுந்து வழிவிட்ட மனிதர். தமக்கு வணக்கஞ் செய்த அதே கடைத்தெருவில் சட்டை கழற்றி நிறுத்தப்பட்டார். கற்றூணில் கட்டுண்டு அடிபட்டவரைத் தினமும் நினைவுகூருகிற நாம், இந்தக் காட்சியைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியுமா? வலியைவிட அவமானமே பெரிது. அந்தத் தண்டனை அவர் உடம்புக்கு மாத்திரம் இட்டதல்ல. எவ்வளவு செல்வமிருந்தாலும், எவ்வளவு உழைத்தாலும், தோல் கறுத்தவன் எங்கள் சவுக்குக்குக் கீழ்ப்பட்டவனே என்று ஊருக்குச் சொல்லிக் காட்டிய பாடம் அது.

சிறையின் மூன்று வருஷத்தை அவர் முடிக்கவில்லை. 1717 ஆகஸ்டு மாதம் சிறையிலேயே இறந்துபோனார். அவர் வகித்த பதவி கிறிஸ்தவரான பேதுரு கனகராய முதலியாருக்குப் போயிற்று.

பெயர் மீண்டது

கதை அங்கே முடிந்திருந்தால் நைனியப்ப பிள்ளையின் பெயரை இன்று யாரும் அறியமாட்டோம். ஆனால் அவருக்குப் பிள்ளைகள் இருந்தார்கள்; உறவினர் இருந்தார்கள்; அவரோடு வியாபாரம் செய்த பிரெஞ்சு வியாபாரிகளும் இருந்தார்கள். அந்நாளில் கும்பெனியின் அனுமதியோடு இந்திய வியாபாரத்தை நடத்திய சென்-மாலோ துறைமுகத்து வர்த்தகர்கள், தங்கள் காரியம் கெட்டதைக் கண்டு அவருக்காகப் பேசினார்கள். பாரீஸ் வேதபோதக சபைக் குருக்களும் அவர் பக்கம் நின்றார்கள். நம் குருக்களிலேயே ஒரு பகுதியார் அநீதிக்குத் துணைபோனதாகக் குற்றஞ்சாட்டப்பட, இன்னொரு பகுதியார் அநீதியைத் தட்டிக் கேட்டார்கள் என்பதை மறக்கவேண்டாம். நம்மைச் சார்ந்தவர்கள் செய்த தவறு என்பதற்காக ஒன்றை மூடிவைப்பது விசுவாசத்துக்குச் செய்யும் சேவையல்ல.

மனுமேல் மனு எழுதி, அவற்றைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். 1718-ல் எபேர் பதவியிழந்தார். லா ப்ரெவோஸ்தியேர் என்பவர் கவர்னரானார். வழக்கு மறுபடி பரிசீலிக்கப்பட்டது. சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டார்கள். பழைய விசாரணையின் குறைகள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. கடைசியில் நைனியப்ப பிள்ளைமேல் இட்ட தீர்ப்புத் தள்ளப்பட்டது. அவர் குற்றமற்றவரென்று சொல்லப்பட்டது. கேட்டு மகிழ அவர்தான் இல்லை.

அவருடைய மூத்த குமாரர் குருவப்ப பிள்ளை தாமே பிரான்சு தேசம் போய் முறையிட்டார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அர்ச். மிக்கேல் பெயரால் வழங்கிய வீரர் பட்டத்தையும் அரசாங்கம் அவருக்குக் கொடுத்தது. தந்தையைச் சவுக்கால் அடித்த இராச்சியம், மகன் கழுத்தில் பதக்கம் சூட்டியது! 1722-ல் அவர் புதுச்சேரியில் தந்தையின் பதவியில் அமர்ந்தார், 1724-ல் இறந்தார். நைனியப்ப பிள்ளையோடு கைதான மைத்துனர் திருவேங்கடம் பிள்ளைக்கு ஒரு மகன் உண்டு. மாமன் அடிபட்டபோது அச்சிறுவனுக்கு வயது ஏழு. பிற்காலத்தில் துபிளேக்சின் துபாஷியாகி, 1736 முதல் 1761 வரை அன்றாட நிகழ்ச்சிகளைத் தமிழில் எழுதிவைத்த ஆனந்தரங்கப் பிள்ளைதான் அவர். ரங்கப்பிள்ளை வீதி வழியே நீங்கள் மார்க்கெட்டுக்குப் போகும்போது இந்தக் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு கசப்பான உண்மை இருக்கிறது. நைனியப்ப பிள்ளை தமிழராயிருந்ததால், அவருடைய செல்வம் அவரைச் சவுக்கிலிருந்து காப்பாற்றவில்லை. ஆனால் அவர் செல்வராயிருந்ததால்தான், இறந்தபின்னாவது அவருடைய பெயர் மீண்டது. அதே கடைத்தெருவில் அடிபட்ட கூலிக்காரனுக்கும் அடிமைக்கும் பாரீசில் மனுக் கொடுக்க யார் இருந்தார்கள்? அவர்களுக்கு நேர்ந்ததை எந்தக் கப்பலும் ஏற்றிக்கொண்டு போகவில்லை. நிறத்தால் ஒரு சுவர், பணத்தால் ஒரு சுவர். ஒன்றைத் தாண்டியவனும் மற்றொன்றில் முட்டிக்கொள்வான். ஏழைக்கோ இரண்டும் உண்டு.

பின்வந்த காலம்

காலம் மாறியது, சுவர் உடனே விழவில்லை. 1873-ல் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்ற தமிழ் வக்கீல், ஐரோப்பியரைப்போலச் சப்பாத்து அணிந்து புதுச்சேரி நீதிஸ்தலத்துக்குள் சென்றதற்காகத் தண்டிக்கப்பட்டார். அவர் பாரீசிலுள்ள உயர்ந்த நீதிமன்றம் வரை போய் வென்றார். குற்றஞ்செய்தவரென்று நின்ற தமிழருக்கு மாத்திரமல்ல, வக்கீலாய் நின்ற தமிழருக்கும் அங்கே சம இடம் இருக்கவில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

1954-ல் பிரெஞ்சு ஆட்சி புதுவையை விட்டு நீங்கியது. 1962-ல் சட்டப்படியும் இவ்வூர் இந்தியாவோடு சேர்ந்தது. அதே 1962-ல் இந்திய உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பைச் சொன்னது. காவலில் வைக்கப்பட்ட ஒருவருக்கு ஆங்கிலம் தெரியாது. காவலின் காரணங்களை ஆங்கிலத்தில் மாத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். அது போதாது, அவருக்கு விளங்கும் மொழியில் தெரிவிக்கவேண்டும் என்றது நீதிமன்றம். 2025-ல் இதே உரிமை இன்னும் விரிவாக்கப்பட்டு, எந்தக் குற்றத்துக்காகக் கைதானாலும் அதன் காரணங்களை அவருக்கு விளங்கும் மொழியில் எழுத்து மூலமாய்க் கொடுக்கவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நைனியப்ப பிள்ளைக்கு மறுக்கப்பட்டது, முந்நூறு ஆண்டு கழித்து எல்லாருக்கும் எழுத்தில் கிடைத்திருக்கிறது.

எழுத்தில் கிடைத்தது நடைமுறையில் கிடைத்ததா? நம் நாட்டுச் சிறைகளைப் பாருங்கள். 2022-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சிறையில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் இன்னும் தீர்ப்பே ஆகாத விசாரணைக் கைதிகள். தாழ்த்தப்பட்டோரும் பழங்குடியினரும் நாட்டின் ஜனத்தொகையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. சிறையிலோ ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஜாமீன் கிடைத்தும் பணங்கட்ட முடியாமல் உள்ளே இருப்பவர்கள் உண்டு. பல மாநிலங்களின் சிறை விதிகளில், இன்ன ஜாதியார் சமைக்கவேண்டும், இன்ன ஜாதியார் கழிவறை சுத்தம் செய்யவேண்டும் என்ற முறை இருந்தது. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்று தள்ளியது. வெள்ளைக்காரனுக்கும் தமிழனுக்கும் நடுவே இருந்த சுவர் போயிற்று. நமக்குள் நாமே கட்டிய சுவர் இன்னும் முழுதும் போகவில்லை.

நாம் செய்யக்கூடியது

நீங்கள் நீதிபதியல்ல, கவர்னருமல்ல. ஆயினும் உங்களால் ஆவது சில காரியங்கள் உண்டு. இவற்றை வீட்டில் பேசிக்கொள்ளுங்கள்.

வாசித்து அறியாத எந்தக் காகிதத்திலும் கையெழுத்தோ கைநாட்டோ வைக்காதீர்கள். பிறரையும் வைக்க விடாதீர்கள். புதுவைச் சாட்சிகளின் கதை இதற்குப் போதிய எச்சரிக்கை. உங்கள் வீதியில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால், அதற்குக் காரணம் கேட்கவும், வக்கீலோடு பேசவும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தப்படவும் அவருக்கு அரசியல் சட்டப்படி உரிமை உண்டு என்பதை அவர் வீட்டாருக்குச் சொல்லுங்கள். வக்கீலுக்குப் பணமில்லையென்றால், சட்ட உதவி ஆணையத்தில் செலவின்றி வக்கீல் கிடைப்பார். பெண்கள், பிள்ளைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் ஆகியோருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமலே இந்த உதவி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் வழி கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவன் பிடிபட்டான் என்று கேட்டவுடனே அவன் குற்றவாளி என்று தீர்த்துவிடாதீர்கள். அவன் ஏழையென்றால், வேறு ஜாதியென்றால், வேறு மதமென்றால் அந்தத் தீர்ப்பு நம் நாவில் இன்னும் சீக்கிரமாய் வந்துவிடுகிறது. கடைத்தெருவில் நைனியப்ப பிள்ளை அடிபட்டதை வேடிக்கை பார்த்த கூட்டத்தில் நம் வேதத்தார் எத்தனை பேர் நின்றார்களோ! அவர் நம்மவர் அல்லர் என்று எண்ணி அவர்கள் பேசாதிருந்திருக்கலாம். அடுத்த முறை சிலுவைப்பாதையில் முதல் ஸ்தலத்தண்டை முழங்காலிடும்போது, தீர்ப்பிடப்பட்டவரை மாத்திரமல்ல, பேசாமல் நின்ற அந்தக் கூட்டத்தையும் நினைத்துக்கொள்வோம். நாம் அதில் சேராதிருக்கும் வரம் கேட்போம்.